திறன் பலகை வந்தாச்சு, கடைசி வரிசைக்கு என்ன வந்தது?



ஒலக்கூர் ஒன்றியத்துக் காலனித் தெருக்களில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புகளில் கொஞ்ச நாளாக ஒரு புதுப் பேச்சு. "எங்க ஸ்கூல்ல பெரிய டிவி வந்துடுச்சுண்ணா." பிள்ளைகள் சொல்லும் டிவி, திறன்மிகு வகுப்பறைக்கு வந்த பலகை. அதில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டோம். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, மழை எப்படி வருகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கடல் தண்ணி சூடாகி ஆவியாப் போகுது, மேல போயி குளிருது, மேகமாகுது, அப்புறம் கொட்டுது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

சரிம்மா, அதையே புத்தகத்தில் எடுத்துப் படி என்றோம். முதல் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது சொல்லை ஊகித்தாள். மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "வீடியோவுல போட்டா சொல்லிடுவேங்க்கா" என்றாள்.

அன்றிரவு எங்களுக்குள் பெரிய விவாதம். அந்தப் பலகை அவளுக்கு ஒன்றுமே தரவில்லை என்று ஒரு தோழர் சொன்னார். தந்திருக்கிறதே, மழை எப்படி வருகிறது என்று அவளுக்குப் புரிந்திருக்கிறதே என்று இன்னொரு தோழர் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். வகுப்பறையில் தொழில்நுட்பத்தின் மதிப்பு என்ன என்ற கேள்வியை அந்தச் சிறுமியின் இடத்திலிருந்து கேட்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம். இந்தக் கட்டுரை அதன் விளைவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தொழில்நுட்பம் நமக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. "கிராமத்துப் பிள்ளைகளுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர், சாக்பீஸும் கரும்பலகையும் போதாதா" என்று பேசுகிறவர்களின் சொந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்தக் கருவியோடு படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்கு நாம் தலையாட்ட முடியாது. பலகை வந்துவிட்டதால் சமத்துவமும் வந்துவிட்டது என்ற பேச்சுக்கும் தலையாட்ட முடியாது.

கரும்பலகையும் ஒரு தொழில்நுட்பம்தான்

பாபாசாகேப் அம்பேத்கர் மும்பை எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது நடந்ததை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் பதிவு செய்திருக்கிறார். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். உடனே வகுப்பில் கூச்சல். கரும்பலகைக்குப் பின்னால்தான் சாதி இந்து மாணவர்கள் தங்கள் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்தார்கள். பீமராவ் பலகையைத் தொடுவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களைத் தூக்கி எறிந்தார்கள்.

அந்தக் காலத்து வகுப்பறையில் கரும்பலகைதான் பெரிய கருவி. எல்லாருக்கும் பொதுவாகத்தான் அதை மாட்டியிருந்தார்கள். ஒரு குழந்தை அதன் அருகே போனபோதுதான் அது யாருக்குப் பொது என்பது தெரிந்தது. ஒரு கருவி பள்ளிக்கூடத்துக்குள் வரும்போது, அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே யார் முன்னால் உட்கார்கிறார்கள், யார் பின்னால் உட்கார்கிறார்கள், யாரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார்கள் என்ற ஏற்பாட்டுக்குள்தான் வருகிறது. அந்த ஏற்பாட்டைக் கருவி தானாகக் கலைப்பதில்லை.

இன்றைக்கு நம் ஊர்ப் பள்ளிகளில் யாரும் டப்பாவைத் தூக்கி எறிவதில்லை என்று சொல்லலாம். ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வகுப்பில் மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையே 2024-ல் ஒரு குழு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த வகுப்பறையில் மாட்டிய திரையை எல்லாரும் ஒரே மாதிரி பார்க்கிறார்கள் என்று எப்படி நம்புவது?

எங்கள் பகுதிக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29 விழுக்காட்டுக்கு மேல். மாநில அளவில் 20. அதே கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடு; மாநிலத்தில் 80. இங்கே கல்வியில் எது நடந்தாலும் அது முதலில் நம் பிள்ளைகளுக்குத்தான் நடக்கிறது. நடக்காமல் போனாலும் அப்படித்தான்.

நாம் கேட்காமலே நடந்த ஒரு பெரிய பரிசோதனை

தொழில்நுட்பம் மட்டுமே இருந்தால் கல்வி என்ன ஆகும்? இதை அறிய யாரும் புதிதாக ஆய்வு நடத்த வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் நம் பிள்ளைகள் மேல் அது நடந்து முடிந்துவிட்டது.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். 1 முதல் 8 வரையிலான வகுப்புகளைத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் 19 மாதங்கள். அரசிடம் கருவி இல்லாமல் இல்லை. கல்வித் தொலைக்காட்சியை 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தார்கள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருந்தது. பிளஸ் டூ மாணவர்களின் மடிக்கணினியில் பாட வீடியோக்களை ஏற்றிக் கொடுத்தார்கள். தனியார் பள்ளிகள் கைப்பேசியிலேயே வகுப்பு நடத்தின.

எங்கள் தெருக்களில் என்ன நடந்தது? வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவோடு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விடும். போன் வீட்டில் இருந்தால் ரீசார்ஜ் இருக்காது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால் பெரும்பாலும் அண்ணன்தான் ஜெயிப்பான். தங்கை அம்மாவோடு மல்லாட்டை பிடுங்கப் போனாள். டிவியில் பாடம் ஓடியது. எதிரே உட்கார்ந்து பார்க்கப் பிள்ளை வீட்டில் இல்லை.

நாங்கள் கண்ணால் பார்த்தது எங்கள் ஊருக்கு மட்டுமான கதை இல்லை. 2021 ஆகஸ்டில் பொருளியலாளர் ஜான் டிரேஸ் உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த ஆய்வில், 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளைப் பற்றிக் கேட்டார்கள். கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 விழுக்காடுதான். அதைச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, தலித், ஆதிவாசிக் குழந்தைகளில் 4 விழுக்காடு. மற்றக் கிராமப்புறக் குழந்தைகளில் 15 விழுக்காடு. எல்லாருமே ஏழைகள்தான். அந்த ஏழைகளுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி. "ஏழ்மைதான் பிரச்சினை, சாதி எங்கே வந்தது" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களைக் காட்டுங்கள்.

முதலியார்குப்பத்தில் தொடங்கியது

பிள்ளைகள் இழந்ததை மீட்டது எது? இந்தக் கதையும் நம் மாவட்டத்திலேயே தொடங்குகிறது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதன் வடிவம் மிக எளிது. தெருவிலேயே படித்த ஒரு தன்னார்வலர். அவருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள். மாலை 5 மணிக்கு மேல் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். திண்ணையோ, கோயில் வாசலோ, சமுதாயக் கூடமோ போதும். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகள் அவர்களை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இதன் பலனை அளந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றை அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் வெளியிட்டார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு வந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, அதாவது 24 விழுக்காடு, இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதில் அதிகம் பயன்பெற்றார்கள்.

19 மாதம் திரையால் முடியாத வேலையை, தெருவில் உட்கார்ந்த ஒரு அக்காவால் செய்ய முடிந்தது. அவரிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். வராத பிள்ளையை வீட்டுக்குப் போய்க் கூப்பிட அவரால் முடியும். பிள்ளை பேசும் பேச்சு அவருடைய பேச்சும்தான்.

அதற்காக இந்தத் திட்டத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய வேலைக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. படித்த பெண்களின் உழைப்பை "சேவை" என்று சொல்லி மலிவாக வாங்கியதை நாம் மறக்கக் கூடாது. மையம் ஊர்த்தெருவில் இருந்தால் காலனிப் பிள்ளை போகுமா, காலனியில் இருந்தால் ஊர்ப் பிள்ளை வருமா என்ற கேள்வியும் உடன் இருந்தது. பின்னாட்களில் மையங்களையும் குறைத்துக்கொண்டார்கள். பலன் தந்தது என்று தெரிந்த ஒன்றுக்குச் சம்பளம் தந்து நிலைநிறுத்தாமல் விட்டதுதான் நம் வருத்தம்.

பெருவும் டெல்லியும் சொல்வது

வெளியே என்ன அனுபவம் என்றும் தேடிப் படித்தோம். தென் அமெரிக்காவில் பெரு நாடு, "குழந்தைக்கு ஒரு மடிக்கணினி" என்ற திட்டத்தில் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைக் கொடுத்தது. ஏழைக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள்தான் அதன் இலக்கு. 319 பள்ளிகளை எடுத்து ஒப்பிட்டு ஆராய்ந்த முடிவு 2012-ல் வந்தது. பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. அங்கே கருவியைக் கொடுத்தார்கள், கற்பித்தல் பழையபடியே இருந்தது.

டெல்லியில் வேறு மாதிரி நடந்தது. அரசுப் பள்ளிகளில் நடுநிலை வகுப்புகளில் படிக்கும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பள்ளி முடிந்த பிறகு மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு வகுப்பு நடத்தினார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் கண்கூடான முன்னேற்றம். காரணத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அந்த மென்பொருள், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கைக் கொடுக்கவில்லை. முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சோதித்தது. மூன்றாம் வகுப்புக் கணக்கில் நின்றால் அங்கிருந்தே தொடங்கியது. அதோடு, கணினி முன் பாதி நேரம்தான். மீதி நேரம் சின்னக் குழுவாக ஒரு உதவி ஆசிரியரோடு.

ஆக, இல்லம் தேடிக் கல்வி அக்கா செய்த வேலையும் டெல்லி மென்பொருள் செய்த வேலையும் ஒன்றுதான். பிள்ளை நிற்கும் இடத்துக்கு இறங்கி வந்தன. பெருவின் மடிக்கணினி இறங்கி வரவில்லை. நம் பள்ளியில் நாற்பது பிள்ளைக்கும் ஒரே வீடியோவைப் போடும் பலகையும் இறங்கி வருவதில்லை.

இலவச லேப்டாப் வீணா?

இங்கே சிலர் குறுக்கே வருவார்கள். "அப்போ இலவச லேப்டாப்பும் வீண்தானே?" இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஏறத்தாழ 50 லட்சம் மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. "சினிமா பார்க்கிறாங்க, அடகு வைக்கிறாங்க" என்று அன்றைக்குக் கேலி பேசினார்கள். இதை எழுதும் எங்களில் சிலர் அந்த லேப்டாப்பில்தான் கல்லூரி அசைன்மென்ட் அடித்தோம். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். அம்பேத்கரின் எழுத்துகளைப் பி.டி.எஃப். கோப்பாக முதன்முதலில் படித்ததும் அதில்தான். வீட்டில் அதற்கு முன் மேசையே கிடையாது. லேப்டாப் வந்த பிறகு பழைய மரப்பெட்டி ஒன்று மேசையானது.

அந்த மடிக்கணினி யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். பிளஸ் டூவரை வந்துவிட்ட, படிக்கத் தெரிந்த, 17 வயது மாணவருக்கு. அது அவருடைய சொந்தப் பொருள். பூட்டிய அறையில் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய கதவைத் திறந்தது. படிக்கத் தெரியாத நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அதே கருவி படம் காட்டும் பெட்டியாக நின்றுவிடுகிறது. இடையில் சில ஆண்டுகள் நின்றுபோன இந்தத் திட்டத்தைக் கல்லூரி மாணவர்களுக்காக மறுபடியும் கொண்டுவருவதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கல்லூரி வாசல் வரை நம் பிள்ளை வருவது மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூடுகிறதா என்பதில் இருக்கிறது.

அங்கேதான் நிலைமை மோசம். அசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018-ல் 10.2 விழுக்காடு, 2022-ல் 4.8 விழுக்காடு. அசரின் முறையைப் பற்றி விவாதம் உண்டு. கொரோனாவின் பாதிப்பும் அதில் இருக்கிறது. ஆனால் கொரோனாவுக்கு முன்பே பத்தில் ஒரு பிள்ளைதான் படித்தது என்பதைக் கவனியுங்கள். திறன் பலகை இல்லாததால் வந்த நோய் இல்லை இது. திறன் பலகை மட்டும் வந்தால் தீரவும் தீராது.

ஆசிரியரின் நேரம் எங்கே போகிறது?

2024-ல் தொடங்கிய திட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி என்று அறிவித்தார்கள். சின்ன முதலீடு இல்லை. இந்தக் கருவிகள் ஆசிரியரின் நேரத்தை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

நம் ஒன்றியம் போன்ற இடங்களில் தொடக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் மற்றவருக்கு ஐந்து வகுப்பும். எமிஸ் இணையத்தில் விவரம் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இந்த நிலையில் திரை என்ன ஆகும்? ஒரு பக்கம் இரண்டு வகுப்புக்கு வீடியோ ஓடும், மறுபக்கம் ஆசிரியர் இன்னொரு வகுப்பைப் பார்ப்பார். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் போடாத இடத்தில் திரையைப் போட்டால் திரை ஆயா வேலைதான் பார்க்கும்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொதுப் பள்ளிகள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1919-20-க்குப் பிறகு சென்னை மாகாணத்தின் லேபர் துறை தொடங்கிய பள்ளிகளின் வாரிசுகள் அவை. இன்றும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இன்னொரு துறையின் கீழ் இருப்பதால், பள்ளிக் கல்வித் துறைக்கு வரும் கருவியும் பயிற்சியும் இங்கே எப்போது வருகின்றன, ஆசிரியர் காலியிடம் எத்தனை என்று நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இருளர் பிள்ளைகளின் கதை இன்னும் ஒரு படி கீழே. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா. கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல பத்தாண்டுகளாகச் சாதிச் சான்றிதழுக்காகப் போராடி வருவதை நீங்கள் அறிவீர்கள். பெற்றோர் செங்கல் சூளைக்குப் போனால் பிள்ளையும் போகிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கிறது. எமிஸில் அந்தப் பிள்ளைக்கு ஒரு எண் இருக்கிறது. பிள்ளை காணாமல் போன மறுவாரமே சூளை இருக்கும் ஊரின் பள்ளிக்குத் தகவல் போய், அங்கே ஒரு ஆசிரியர் தேடி வந்தால், அதுதான் நாம் கேட்கும் தொழில்நுட்பம். அந்த எண்ணை மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப மட்டும் பயன்படுத்தினால், அது பிள்ளைக்கு என்ன செய்தது?

நீங்கள் செய்ய வேண்டியது

ஊருக்குத் திரும்பும்போது நீங்கள் படித்த பள்ளிக்குப் போய் இந்த ஐந்தையும் பார்த்து, கேட்டு, எழுதிக்கொண்டு வாருங்கள்.

1. திறன்மிகு வகுப்பறை வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது? சாவி யாரிடம்? பழுதானால் சரிசெய்ய எத்தனை நாள் ஆகிறது?

2. கணினி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேர் என்றால் மவுஸ் யார் கையில்? பெண் பிள்ளை, காலனிப் பிள்ளை, இருளர் பிள்ளை அதை எத்தனை முறை தொட்டது?

3. வீடியோ முடிந்த பிறகு ஆசிரியர் கேள்வி கேட்டாரா? கடைசி வரிசையில் இருந்து யாரையாவது எழுப்பினாரா?

4. கருவி வந்த பிறகு ஆசிரியருக்குப் பிள்ளையோடு உட்காரும் நேரம் கூடியதா, குறைந்ததா?

5. வகுப்பில் மிகவும் பின்தங்கிய ஐந்து பிள்ளைகள் யார்? ஆறு மாதம் முன்பு எத்தனை சொல் படித்தார்கள், இன்று எத்தனை?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். கருவியின் மதிப்பை அந்த ஐந்து பிள்ளைகளை வைத்து அளப்போம். முதல் பெஞ்சுக்காரர் கருவி இல்லாமலும் படித்துவிடுவார்.

விவரம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம். நம் அம்மாக்கள் அந்தக் குழுவில் கையெழுத்து மட்டும் போடுகிறவர்களாக இருக்கக் கூடாது. இந்த ஐந்து கேள்விகளையும் அவர்கள் கையில் கொடுங்கள். அடுத்த கிராம சபையில் ஆசிரியர் காலியிடத்தையும் தெருவிலேயே மாலை வகுப்பு நடத்தச் சம்பளத்தோடு ஒருவர் வேண்டும் என்பதையும் தீர்மானமாக வையுங்கள்.

கடைசியாக அந்தச் சிறுமியிடம் திரும்புவோம். எங்களிடம் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் ஒன்று இருந்தது. எங்கள் தோழி ஒருவர் தினமும் மாலையில் அவளை ஐந்து வரி படிக்க வைத்து, அதை அந்தப் போனில் பதிவு செய்தார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்பார்கள். தன் குரலைத் தானே கேட்டதும் முதலில் வெட்கம், அப்புறம் சிரிப்பு. நான்காவது நாள், "அக்கா, அந்த எடத்துல தப்பாப் படிச்சிட்டேன், இன்னொரு வாட்டி எடு" என்று அவளே சொன்னாள். இரண்டு மாதம் ஆயிற்று. போன வாரம் மழைப் பாடத்தின் முதல் பக்கத்தைப் படித்து முடித்தாள். மெதுவாகத்தான் படித்தாள், இரண்டு இடத்தில் நின்றாள். ஆனால் ஊகிக்கவில்லை.

அந்தப் போனை விற்றால் 500 ரூபாய்கூட வராது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்ததால்தான் அதற்கு மதிப்பு வந்தது. நம் பள்ளிகளுக்குப் பலகையும் வேண்டும், அந்த ஆளும் வேண்டும். இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை மறக்கச் சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

உங்கள் பள்ளியில் பார்த்ததை எழுதி அனுப்புங்கள். மாலை வகுப்புக்கு வாரம் இரண்டு நாள் தர முடிந்தவர்கள் வாருங்கள், ஒலக்கூரில் ரயில் நிற்கிறது.

ஜெய்பீம்.